கவனக்குறைவு யாருடையது?

மில்லில் விரல் போனால் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்கிறார்கள். களத்தில் கதிரடிக்கும் மெஷினில் கை போனால் "கூலியாளின் கவனக்குறைவு" என்கிறார்கள். இந்த வாசகம் நமக்கு மிகவும் பழக்கமானது. விபத்துப் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டிய இடத்தில், முன்கூட்டியே அச்சடித்து வைத்ததுபோல அது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதே வாசகம் கடல் கடந்து அமெரிக்காவிலும் உண்டு. அங்கே அது கார் ஓட்டுகிறவர்களின் தலையிலும் விழுகிறது. கார் மரத்தில் மோதினால் "ஓட்டியவரின் தவறு". பள்ளத்தில் உருண்டால் "அதிக வேகம்". "என் வண்டி ஓடும்போதே நின்றுவிடுகிறது" என்று சொந்தக்காரர் புகார் செய்தால், "சாவிக் கொத்து கனமாக இருக்கிறது அம்மா, அதைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று பதில்!

இது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. நடந்த சங்கதி. 124 உயிர்களைக் குடித்த சங்கதி.

"கார் வைத்திருப்பவனின் கஷ்டம் நமக்கெதற்கு? நமக்கிருக்கும் கஷ்டம் போதாதா?" என்று தோழர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அமெரிக்காவில் பல ஊர்களில் பஸ் கிடையாது, ரயில் கிடையாது. கார் இல்லாதவன் வேலைக்குப் போய்ச் சேர முடியாது. அங்கே மலிவான சின்னக் கார் என்பது நம் ஊரில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் எப்படியோ அப்படி. கடன் வாங்கி, தவணை கட்டி, ஆஸ்பத்திரி நர்சும், கடைச் சிப்பந்தியும், ஆலைத் தொழிலாளியும் ஓட்டுகிற வண்டி அது. நாம் பேசப்போவது அப்படிப்பட்ட ஒரு வண்டியைப் பற்றித்தான்.

ஒரு சிறு ஸ்பிரிங்

ஜெனரல் மோட்டார்ஸ் உலகத்தின் மிகப் பெரிய கார் கம்பெனிகளில் ஒன்று. அது செவர்லே கோபால்ட், சாட்டர்ன் அயான் என்ற சின்னக் கார்களை 2000-க்குப் பிந்தைய வருடங்களில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இளைஞர்களும் அதிகம் வசதியில்லாத குடும்பங்களும் வாங்கக்கூடிய விலை.

காரைக் கிளப்பச் சாவி போட்டுத் திருப்பும் ஸ்விட்சுக்குள் ஒரு சிறு ஸ்பிரிங்கும், அது தள்ளிப் பிடிக்கும் ஒரு சிறு முளையும் உண்டு. திருப்பிய சாவி திருப்பிய இடத்திலேயே நிற்கும்படி அவைதான் பிடித்துக்கொள்கின்றன. இந்தக் கார்களில் அந்தப் பிடிப்பு போதவில்லை. கம்பெனியே எழுதி வைத்திருந்த அளவுக்கும் குறைவு. அளவுக்குக் குறைவு என்று தெரிந்தே, 2002-ல் கம்பெனியின் பொறியாளர் அந்த ஸ்விட்சுக்கு ஒப்புதல் கொடுத்தார்.

விளைவு என்ன? ஓட்டுகிறவரின் முழங்கால் சாவியில் பட்டாலோ, மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கிச் சாவிக் கொத்து ஆடினாலோ போதும். சாவி தானே திரும்பி, எஞ்சின் அணைந்துவிடும். ஸ்டீயரிங் கல்லாய்க் கனக்கும். பிரேக்கைப் பலங்கொண்ட மட்டும் மிதிக்க வேண்டியிருக்கும். இது மட்டுமல்ல. மோதும் நேரத்தில் விரிந்து முகத்தையும் மார்பையும் காக்க வேண்டிய காற்றுப்பைக்கும் மின்சாரம் நின்றுபோகும். ஆபத்து வரும் அதே நொடியில் காவலும் கைவிட்டுப் போகும்!

புகார் என்ன ஆயிற்று?

வண்டி வாங்கியவர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. நெடுஞ்சாலையில் போகும்போது வண்டி செத்துவிடுகிறது என்று ஏஜெண்டுகளிடம் சொன்னார்கள். கம்பெனிக்கு எழுதினார்கள். சர்க்காரின் வாகனப் பாதுகாப்பு இலாகாவுக்கும் எழுதினார்கள். 2014-க்கு முந்தைய 11 வருடங்களில் ஓடும்போதே அணைந்துபோகும் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளைப் பற்றி அந்த இலாகாவுக்கு வந்த புகார்கள் 260-க்கு மேல். மாதம் சராசரியாக இரண்டு.

கம்பெனி இந்தப் புகார்களை எந்தக் கணக்கில் எழுதியது தெரியுமா? "பாதுகாப்பு" என்ற கணக்கில் அல்ல. "வாடிக்கையாளர் வசதி" என்ற கணக்கில்! ஓடும் கார் நடுரோட்டில் நிற்பது வசதிக் குறைவாம். நாற்காலி மெத்தை சரியில்லை என்பதும் இதுவும் ஒரே ஜாதிப் புகாராம்.

எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள் என்பது சாதாரண விஷயமல்ல. பாதுகாப்பு என்று எழுதினால் உடனே சர்க்காருக்குச் சொல்ல வேண்டும். எல்லா வண்டிகளையும் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். வசதி என்று எழுதினால் செலவு எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கலாம். அந்தக் கணக்கைத்தான் பார்த்தார்கள்.

2005-ல் கம்பெனிக்குள்ளேயே ஒரு யோசனை வந்தது. ஒரு வண்டிக்கு 90 சென்ட் செலவு. கருவிகளுக்கு ஏறக்குறைய 4 லட்சம் டாலர் செலவு. ஒரு டாலர்கூட அல்ல, 90 சென்ட்! ஆனால் இதனால் கம்பெனிக்கு உத்தரவாதச் செலவில் மிச்சமாவது வண்டிக்கு 10 முதல் 15 சென்ட்தான். ஆகவே "வியாபாரத்துக்கு ஒத்துவராது" என்று கோப்பை மூடிவிட்டார்கள்.

வண்டிக்குள் உட்காரும் மனிதனின் உயிர் அந்தக் கணக்கில் எந்தப் பத்தியில் இருந்தது? எந்தப் பத்தியிலும் இல்லை. பாதுகாப்பு என்று எழுதியிருந்தால்தானே அது கணக்கில் வரும்?

அதற்குப் பதிலாக 2005 டிசம்பரில் ஏஜெண்டுகளுக்கு ஒரு சுற்றறிக்கை போயிற்று. யாராவது புகார் சொல்லி வந்தால், சாவிக் கொத்திலிருந்து கனமான சாமான்களைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். சாவித் துளையைச் சிறிதாக்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டைப் பொருத்திக் கொடுங்கள். புகார் சொல்லி வருகிறவருக்கு மட்டும்! வராதவருக்கு? அவருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

அந்த வருடம் பத்திரிகைகளில் வண்டிகளைச் சோதித்து எழுதுகிறவர்களும் இந்தக் குறையைக் கண்டு எழுதினார்கள். "எஞ்சின் அணைந்தாலும் வண்டியைக் கட்டுப்படுத்த முடியும்" என்று கம்பெனி பதில் சொல்லிவிட்டது.

இதற்கு மேலும் ஒன்று நடந்தது. 2006-ல் அந்த ஸ்விட்சுக்குள் இருக்கும் முளையைச் சத்தமில்லாமல் நீளமாக்கி, நல்ல ஸ்விட்சு தயாரிக்க ஒப்புதல் கொடுத்தார்கள். நல்லதுதானே என்பீர்கள். ஆனால் பாகம் மாறினால் அதன் எண்ணும் மாற வேண்டும் என்பது எந்த ஒர்க்ஷாப்பிலும் அரிச்சுவடிப் பாடம். எண்ணை மாற்றவில்லை! பழைய ஸ்விட்சும் புதிய ஸ்விட்சும் ஒரே எண்ணில் உலாவின. எந்த வண்டியில் எது இருக்கிறது என்று பின்னால் தேடியவர்களுக்குத் தெரியாமல் போயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

டெக்ஸாஸ் மாநிலத்தில் 2004-ல் ஓர் இளம்பெண் ஓட்டிப்போன சாட்டர்ன் அயான் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. அவள் மணக்க இருந்தவன் பக்கத்து ஸீட்டில் இறந்துபோனான். காற்றுப்பைகள் விரியவில்லை. பிரேக் போட்ட தடயம் சாலையில் இல்லை. ஓட்டியவள் மீது வழக்குப் போட்டார்கள். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக 2007-ல் அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். தான்தான் அவனைக் கொன்றோம் என்று அவளே நம்பினாள்.

ஆனால் அவள் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு ஐந்து மாதம் முன்னாலேயே, அந்த விபத்துக்கு வண்டிதான் காரணம் என்று கம்பெனி தன் உள் விசாரணையில் தெரிந்துகொண்டிருந்தது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. 2014 நவம்பரில்தான் ஒரு நீதிபதி அவள்மீதிருந்த குற்றத்தை நீக்கினார். பத்து வருடம் அந்தப் பழியை அவள் சுமந்தாள். குற்றம் செய்தவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"கவனக்குறைவு" என்ற வார்த்தைக்கு அர்த்தம் தெரிய வேண்டுமானால் இந்த ஒரு வழக்கைப் படித்தால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2006 அக்டோபரில் விஸ்கான்ஸின் மாநிலத்தில் ஒரு கோபால்ட் மரங்களில் மோதி இரண்டு இளம்பெண்கள் இறந்தார்கள். அதை விசாரித்த ஒரு மாநிலப் போலீஸ்காரர், சாவி தன் இடத்திலிருந்து திரும்பியிருந்ததைப் பார்த்தார். கம்பெனி ஏஜெண்டுகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையையும் தேடிப் பிடித்தார். சாவி திரும்பியதற்கும் காற்றுப்பை விரியாததற்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று 2007-லேயே எழுதி வைத்தார். ஆயிரக்கணக்கான பொறியாளர்களை வைத்திருக்கும் கம்பெனி இந்த முடிச்சை அவிழ்க்க மேலும் பல வருடங்கள் எடுத்துக்கொண்டது. போலீஸ்காரரின் ரிப்போர்ட் கம்பெனியின் கோப்பிலேயே இருந்தது!

கடைசியில் உண்மை எப்படி வெளிவந்தது? சர்க்கார் கண்டுபிடிக்கவில்லை. கம்பெனியும் மனம் திருந்தவில்லை. ஜார்ஜியா மாநிலத்தில் 2010-ல் மகளைப் பறிகொடுத்த ஒரு தாயும் தந்தையும் வழக்குப் போட்டார்கள். அவர்களின் வக்கீலுக்காக வேலை செய்த பொறியாளர் பழைய ஸ்விட்சையும் புதிய ஸ்விட்சையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தார். எண் ஒன்று, முளை வேறு! குட்டு உடைந்தது. 2014 பிப்ரவரியில் கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைக்கத் தொடங்கியது. மார்ச் முடிவதற்குள் அந்த எண்ணிக்கை 26 லட்சமாயிற்று.

தலையாட்டலும் சலாமும்

உண்மை வெளிவந்த பிறகு கம்பெனியே ஒரு பெரிய வக்கீலை அமர்த்தி விசாரணை செய்யச் சொன்னது. 2014 ஜூனில் அந்த ரிப்போர்ட் வந்தது. கம்பெனிக்குள் பழக்கத்திலிருந்த இரண்டு வழக்கங்களை அது எழுதி வைத்திருக்கிறது.

ஒன்று, "ஜி.எம். தலையாட்டல்". கூட்டத்தில் ஒரு திட்டம் வரும். எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டுவார்கள். கதவைத் தாண்டியதும் யாரும் எதுவும் செய்யமாட்டார்கள். இன்னொன்று, "ஜி.எம். சலாம்". இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே மடக்கி, விரலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீட்டுவது. "பொறுப்பு என்னுடையதல்ல, அவனுடையது" என்று அர்த்தம்!

தாலுக்கா ஆபீஸில் மனுவோடு நாலு மேஜை சுற்றிய விவசாயத் தொழிலாளிக்கு இந்தச் சலாம் புதிதல்ல. புகார் கொடுத்தால் மேஸ்திரியைப் பார் என்பார்கள். மேஸ்திரி மானேஜரைப் பார் என்பார். மானேஜர் முதலாளி ஊரில் இல்லை என்பார். டெட்ராய்ட் நகரத்துக் கண்ணாடி மாளிகையிலும் அதே சலாம்தான்.

வார்த்தைக்கும் தடை இருந்தது. 2008-ல் ஊழியர்களுக்கு நடத்திய ஒரு பயிற்சியில், ரிப்போர்ட்டில் எழுதக்கூடாத 69 வார்த்தைகளின் ஜாபிதாவைக் கொடுத்தார்கள். "மரணப் பொறி" என்று எழுதக்கூடாது. "குறைபாடு" என்று எழுதக்கூடாது. "வடிவமைத்தபடி இயங்கவில்லை" என்று எழுத வேண்டும். "பிரச்சனை" என்று எழுதக்கூடாது. "நிலைமை" என்றோ "விஷயம்" என்றோ எழுத வேண்டும். வியாதிக்குப் பெயரை மாற்றினால் வியாதி போய்விடுமா? போகாது. ஆனால் கோர்ட்டில் காட்ட எழுத்து இருக்காது.

எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்களா? இல்லை. வண்டிகளின் தரத்தைச் சோதிக்கும் வேலையிலிருந்த ஓர் ஊழியர், வேறொரு மாடலில் கண்ட குறைகளைச் சொல்லி, தன் பேச்சைக் கேட்கவில்லையென்று 2003-ல் கம்பெனிமீதே வழக்குப் போட்டார். வழக்கு நிற்கவில்லை. அவரை அந்த வேலையிலிருந்து ஒதுக்கினார்கள். அவருடைய இடத்துக்கு வந்தவர், கோபால்ட் பற்றிப் பேச வேண்டிய வேளையில், முன்னவருக்கு நேர்ந்ததை நினைத்துத் தயங்கினேன் என்று பின்னால் விசாரணையில் சொன்னார்.

ஒருவனை ஒதுக்கினால் நூறு பேர் வாயை மூடுகிறார்கள். இது எந்த நிர்வாகத்துக்கும் தெரிந்த ரகசியம்.

தண்டனை எவ்வளவு?

கம்பெனியே நியமித்த நஷ்டஈட்டு நிதி, 124 மரணங்களையும் 275 பேரின் காயங்களையும் ஒப்புக்கொண்டு 59 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்தது. மனுச் செய்தவர்கள் 4,343 பேர். ஒப்புக்கொள்ளப்பட்டவர்கள் 399 பேர்.

வாகனப் பாதுகாப்பு இலாகா 2014 மே மாதம் விதித்த அபராதம் 3 கோடியே 50 லட்சம் டாலர். அன்றைய சட்டத்தில் அதற்கு மேல் இடமில்லை. கம்பெனியின் 2013-ம் வருட மொத்த வரவு ஏறக்குறைய 15,500 கோடி டாலர். வகுத்துப் பாருங்கள்: அந்த அபராதம் கம்பெனியின் இரண்டு மணி நேர வரவு! ஒரு ஷிப்டில் பாதி முடிவதற்குள் வசூலாகிவிடும். 2015-ல் அந்த உச்ச வரம்பை 10 கோடியே 50 லட்சமாக உயர்த்தினார்கள். அது ஆறு மணி நேர வரவு.

2015 செப்டம்பரில் மத்திய சர்க்காரின் குற்ற வழக்கில், 2012 முதலே சங்கதியைச் சர்க்காரிடமிருந்து மறைத்ததைக் கம்பெனி ஒப்புக்கொண்டு, 90 கோடி டாலர் கட்டியது. நிபந்தனைப்படி நடந்துகொண்டதாகச் சொல்லி 2018-ல் அந்த வழக்கையும் கைவிட்டார்கள். அந்த 2015-ம் வருடத்தில் கம்பெனியின் நிகர லாபம் 970 கோடி டாலர். பதினைந்து ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கினார்கள். சிறைக்குப் போனவர் எத்தனை பேர்? ஒருவருமில்லை. வழக்குக்கு உட்பட்ட தனி மனிதர்கூட ஒருவருமில்லை.

ஆனால் டெக்ஸாஸில் ஓட்டியவள்மீது மட்டும் வழக்கு இருந்தது.

2009-ல் இந்தக் கம்பெனி திவாலானபோது அமெரிக்க ஜனங்களின் வரிப்பணத்திலிருந்து ஏறக்குறைய 5,000 கோடி டாலரைக் கொட்டித்தான் தூக்கி நிறுத்தினார்கள். அதில் 1,100 கோடிக்கு மேல் திரும்பி வரவேயில்லை. அந்தத் திவாலைச் சாக்காகக் காட்டி, "பழைய விபத்துக்குப் பழைய கம்பெனிதான் பொறுப்பு, நாங்கள் புதிய கம்பெனி" என்று கோர்ட்டில் வாதாடினார்கள். 2016-ல் மேல்கோர்ட்டு இந்த வாதத்தைத் தள்ளியது. பணம் வாங்கும்போது ஒரே கம்பெனி. பதில் சொல்லும்போது வேறு கம்பெனி!

டயர் கிழிந்த கதை

ஆலைத் தொழிலாளிகள் இதைவிடக் கவனமாகப் படிக்க வேண்டிய கதை ஒன்று உண்டு. அது டயர் கதை.

ஃபயர்ஸ்டோன் கம்பெனியின் டயர்கள், ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற பெரிய வண்டிகளில் ஓடும்போதே மேல்தோல் உரிந்து வண்டியைக் கவிழ்த்தன. அமெரிக்காவில் மட்டும் இதில் இறந்தவர்கள் 271 பேர் என்று சர்க்கார் கணக்குச் சொல்கிறது. அங்கேயும் புகார்கள் வெகு நாளாக இருந்தன. 1998-ல் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சி ஊழியர் 21 கேஸ்களைத் திரட்டிச் சர்க்கார் இலாகாவுக்கு எழுதினார். யாரும் அசையவில்லை. வெயில் அதிகமுள்ள சவூதி அரேபியாவில் 1999-லேயே ஃபோர்டு டயர்களை மாற்றிக் கொடுத்தது. சொந்த நாட்டில் 2000 ஆகஸ்டில்தான் 65 லட்சம் டயர்களைத் திரும்ப அழைத்தார்கள். பிறகு டயர்க் கம்பெனி கார்க் கம்பெனியையும், கார்க் கம்பெனி டயர்க் கம்பெனியையும் குற்றம் சாட்டின. இரண்டு சலாம்!

அந்த டயர்களில் பல இல்லினாய்ஸ் மாநிலத்து டெகாடர் ஆலையில் செய்யப்பட்டவை. அந்த ஆலையில் என்ன நடந்தது? 1994-ல் நிர்வாகம் 12 மணி நேரச் சுழல் ஷிப்டு வேண்டும் என்றது. புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கூலியைக் குறைப்போம் என்றது. தொழிலாளிகள் ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிர்வாகம் கருங்காலிகளைக் கொண்டுவந்து யந்திரங்களை ஓட்டியது. 1995 மே மாதம் தொழிலாளிகள் தோற்று, நிபந்தனையில்லாமல் திரும்பினார்கள். ஒப்பந்தம் 1996 டிசம்பரில்தான் வந்தது.

இந்த இடைக்காலத்து டயர்களைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் இரண்டு பொருளாதார அறிஞர்கள், ஆலன் க்ரூகர், அலெக்ஸாண்டர் மாஸ் என்பவர்கள், அதே கம்பெனியின் வேறு ஆலைகளின் டயர்களோடு ஒப்பிட்டார்கள். 2004-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: நிர்வாகம் உரிமைகளைப் பறிக்கும் கோரிக்கைகளை நீட்டிய மாதங்களிலும், திரும்பி வந்த தொழிலாளிகளும் கருங்காலிகளும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்த மாதங்களிலும் செய்யப்பட்ட டெகாடர் டயர்களே அதிகமாகப் பழுதாயின.

அந்த ஆலையின் பழைய தொழிலாளிகள் வழக்குகளில் சாட்சி சொன்னார்கள். உற்பத்தி எண்ணிக்கைக்காக அவசரப்படுத்தியதைச் சொன்னார்கள். டயரில் எழுந்த குமிழை ஊசியால் குத்தி அடக்கி அனுப்பியதைச் சொன்னார்கள். சோதிப்பதற்கு நேரமே கொடுக்காததைச் சொன்னார்கள்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? தொழிலாளியின் வயிற்றில் அடித்தால், அந்த அடி ஆலைக்குள்ளேயே நின்றுவிடுவதில்லை. அது டயராக உருண்டு வெளியே போகிறது. எங்கோ ஒரு நெடுஞ்சாலையில், எந்தச் சண்டைக்கும் சம்பந்தமில்லாத ஒரு குடும்பத்தின்மேல் விழுகிறது. நல்ல ஷிப்டும் நல்ல கூலியும் தொழிலாளியின் சொந்த விவகாரம் என்று சொல்லுகிறவர்களுக்கு இது பதில்.

"குறையைச் சொன்னால் விற்பனை போகும், விற்பனை போனால் நம் வேலை போகும்" என்று பயப்படும் தொழிலாளிகளும் உண்டு. அந்தப் பயத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மறைத்ததால் வேலை நிலைத்ததா? டெகாடர் ஆலையை 2001 டிசம்பரில் மூடிவிட்டார்கள். கோபால்ட் கார் தயாரான ஓஹையோ மாநிலத்து லார்ட்ஸ்டவுன் ஆலையிலும் 2019 மார்ச்சில் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். மூடுவதற்குத் தொழிலாளி வாய் திறந்ததா காரணம்? மறைத்தவர்கள் லாபத்தோடு போனார்கள். வேலை போனது மறைக்காதவர்களுக்கு.

காவல்காரனும் தூங்கினால்

அமெரிக்காவில் கார்ப் பாதுகாப்புக்குச் சட்டம் தானாக வரவில்லை. 1965-ல் ரால்ஃப் நேடர் என்ற இளம் வக்கீல், கார்க் கம்பெனிகள் தெரிந்தே ஆபத்தான வண்டிகளை விற்கின்றன என்று ஒரு புத்தகம் எழுதினார். ஜெனரல் மோட்டார்ஸ் என்ன செய்தது? குறையைத் திருத்துவதற்கு முன்னால் துப்பறிவாளர்களை வைத்து நேடரின் சொந்த வாழ்க்கையைத் துருவியது! அது அம்பலமாகி, 1966 மார்ச்சில் செனட் கமிட்டியின் முன்னால் கம்பெனித் தலைவரே மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அந்த வருடமே சட்டம் வந்தது. குறையுள்ள வண்டியைக் கம்பெனி தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று 1974-ல் திருத்தமும் வந்தது.

சட்டம் வந்தது, இலாகாவும் வந்தது. ஆனால் காவல்காரனும் கணக்கப்பிள்ளையாகிவிட்டால்? 1973-ல் ஃபோர்டு கம்பெனி சர்க்காருக்குக் கொடுத்த ஒரு கணக்கு பிரசித்தமானது. வண்டி உருண்டால் பெட்ரோல் கசியாமலிருக்க வண்டிக்கு 11 டாலர் வீதம் 1 கோடியே 25 லட்சம் வண்டிகளுக்கு 13 கோடியே 70 லட்சம் டாலர் செலவு. அதனால் தப்பும் 180 உயிர், 180 பேரின் தீக்காயம், 2,100 வண்டி ஆகியவற்றின் மதிப்பு 4 கோடியே 95 லட்சம்தான். ஆகவே செலவு கட்டுப்படியாகாது! மனித உயிருக்கு அதில் போட்ட விலை 2 லட்சம் டாலர். அந்த விலையைக் கம்பெனி கண்டுபிடிக்கவில்லை. சர்க்கார் இலாகாவே போட்டுக் கொடுத்த விலை அது.

கோபால்ட் விஷயத்திலும் அந்த இலாகா 2007-லும் 2010-லும் விசாரணை தொடங்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டது. 260 புகார்கள் அலமாரியில் தூங்கின.

நாம் செய்ய வேண்டியது

இந்தியாவிலும் 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். குறிப்பிட்ட சதவீதம் சொந்தக்காரர்கள் ஒரு வண்டியின் குறையைப் புகார் செய்தாலோ, சோதனை நிலையம் சொன்னாலோ, கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய சர்க்கார் உத்தரவிடலாம் என்று அதில் இருக்கிறது. இன்று மில்லுக்கு மோட்டார் சைக்கிளில் போகும் தொழிலாளி ஏராளம். தவணை கட்டி வாங்கிய வண்டி அது. அந்தச் சட்டம் காரில் போகிறவருக்கு மட்டுமல்ல, அவருக்கும் உரியது. ஆனால் புகார் எழுதினால்தானே சதவீதம் சேரும்? பிரேக் பிடிக்கவில்லை என்று மெக்கானிக்கிடம் புலம்பிவிட்டு வந்தால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது.

யந்திரத்துக்கும் இதே நியாயம்தான். ஓடும் பாகத்துக்கு மறைப்புப் போட வேண்டியது முதலாளியின் கடமை என்று 1948-ன் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதினார்கள். கதிரடிக்கும் மெஷின்களுக்காக 1983-ல் தனிச் சட்டமே இயற்றினார்கள். சட்டம் செய்தவர்களுக்கே தெரிந்திருந்தது, கை போவதற்குக் காரணம் கை மட்டுமல்ல என்று. ஆனால் பதிவேட்டில் மட்டும் "கவனக்குறைவு" மாறவில்லை.

கோபால்ட் கதை நமக்குச் சொல்லும் பாடங்களைச் சுருக்கிச் சொல்லலாம்.

யந்திரத்தின் குறை முதலில் தெரிவது அதை ஓட்டுகிறவனுக்கு. படித்த பொறியாளருக்குப் பத்து வருடம் தெரியாதது, ஓட்டிய பெண்ணுக்கு முதல் நாளே தெரிந்தது.

வாய்ச் சொல் காற்றோடு போகும். எழுத்து நிற்கும். போலீஸ்காரர் எழுதி வைத்த ரிப்போர்ட்டும், சொந்தக்காரர்கள் எழுதிய கடிதங்களும் இல்லாவிட்டால் 2014-ல் கம்பெனியை யாரும் கேள்வி கேட்டிருக்க முடியாது. பெல்ட்டு நழுவுகிறதா? மறைப்புக் கழன்றிருக்கிறதா? ஸ்விட்சு போட்டால் நிற்கவில்லையா? தேதி போட்டு, நேரம் போட்டு, மெஷின் நம்பர் போட்டு எழுதுங்கள். ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்து மெஷின்காரர் எழுதிக் கொடுக்கட்டும்.

தனியாகச் சொன்னவனை ஒதுக்கிவிடுவார்கள். ஒரே குறையைப் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுச் சொன்னால் யாரை ஒதுக்குவார்கள்? அமெரிக்காவில் 260 பேரும் தனித்தனியே எழுதினார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் "என் வண்டி மட்டும்தான் இப்படிப் போலும்" என்று நினைத்தார்கள். அந்தத் தனிமைதான் கம்பெனியின் பலம்.

கடைசியாக ஒன்று. அடுத்த முறை நம் மில்லிலோ களத்திலோ ஒரு விபத்து நடந்து, பதிவேட்டில் "கவனக்குறைவு" என்று எழுதப் பேனாவை எடுக்கும்போது, அங்கே நிற்கும் தோழர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: யாருடைய கவனக்குறைவு? இந்த யந்திரத்தைப் பற்றி இதற்கு முன் எத்தனை புகார் வந்தது, அதை யார் படித்தார்கள், என்ன செய்தார்கள்? அந்தப் பதிலையும் அதே பதிவேட்டில் எழுதச் சொல்லுவோம். எழுதும் வரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டோம் என்று நிற்போம்.